குளிசையின் பெயரும் அளவும்

அண்மையில் வலிகாமம் வடக்குக் குடும்பங்களின் கூட்டமொன்றுக்குச் சென்றிருந்தேன். 1990 இல் தமது செம்மண் தோட்டங்களை விட்டு வெளியேறியவர்கள் அவர்கள். நலன்புரி நிலையங்களில் ஆண்டுக் கணக்காக வாழ்ந்து, பின்னர் வாடகைக் காணிகளிலும் உறவினர் வளவுகளிலும் ஒதுங்கியவர்கள். தம் சொந்தக் கிணற்றில் இன்னும் ஒரு வாளி தண்ணீர் அள்ளக் கொடுத்துவைக்காதவர்கள். வெங்காய விதையும், நீரிறைக்கும் இயந்திரத்துக்கான சுழற்சிக் கடனுமே அன்றைய கூட்டத்தின் பொருள். பேச்சு நடந்துகொண்டிருக்கையில் முன்வாங்கிலிருந்த வயோதிபர் ஒருவர் எழும்ப முயன்றார். எழும்பியவர் அப்படியே சரிந்துவிட்டார்.

கூட்டத்துக்கு வந்திருந்த இளைப்பாறிய தாதி ஒருவர் ஓடிவந்து நாடி பிடித்துப் பார்த்தார். நிமிடத்துக்கு 42 துடிப்பு.

“ஐயா, என்ன குளிசை போடுறீங்கள்?”

“எனக்கென்ன தெரியும் பிள்ளை. ஒரு வெள்ளைக் குளிசை. காலமை ஒண்டு. பேந்து மற்ற இடத்திலை தந்ததிலையும் ஒண்டு.”

அவரது சேட்டுப் பைக்குள் இரண்டு கடதாசி உறைகள் இருந்தன. வியர்வையில் நனைந்து எழுத்து ஊறிப்போயிருந்தது. தாதி வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டி வாசித்தார். ஒன்றில் அற்றெனலோல் 50 மில்லிகிராம். மற்றதில் பிசோபுறலோல் 5 மில்லிகிராம். முதலாவது அவர் முன்னர் குடியிருந்த ஊரில் கொடுத்தது. இரண்டாவது இடம் மாறி வந்தபின் வேறோரிடத்தில் கொடுத்தது. இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள். இருதயத்தின் ஓட்டத்தைக் குறைப்பவை. ஒன்றுக்குப் பதிலாக மற்றதைப் போடவேண்டியவர் இரண்டையும் சேர்த்துப் போட்டுவந்திருக்கிறார். முச்சக்கர வண்டியொன்றில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கடவுள் கிருபையால் பிழைத்துக்கொண்டார்.

அவர் படிப்பறிவில்லாதவர் அல்லர். எந்தக் கிருமிநாசினி, எத்தனை லீற்றர் தண்ணீருக்கு எத்தனை மில்லிலீற்றர், எந்தப் பருவத்தில் என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வார். யூறியாவை எப்போது எறிவது, எவ்வளவு எறிவது என்பதில் அவரிடம் பாடம் கேட்கலாம். வெங்காயத்துக்குப் போகும் மருந்தின் பெயரும் அளவும் அவருக்குத் தெரியும். தன் உடம்புக்குள் போகும் மருந்தின் பெயரும் அளவும் தெரியாது. இந்த முரண்பாட்டைப் பற்றித்தான் இக்கட்டுரையில் உங்களோடு பேச விரும்புகிறேன்.

1995 இன் நினைவு

எனக்கு இது வெறும் சுகாதாரப் பாடமல்ல. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. மழையும் இருட்டும். நாவற்குழிப் பக்கமாக சனத்தோடு சனமாக நகர்ந்தோம். எனது அப்பாச்சிக்கு ஏற்கனவே நெஞ்சு நோ இருந்தது. அவர் தன் குளிசைகளைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தார். இருபது குளிசை அளவில் இருந்திருக்கும். மருந்து, சவர்க்காரம், மண்ணெண்ணெய் எல்லாவற்றுக்கும் தடையும் தட்டுப்பாடும் இருந்த காலம் அது. இனி எப்போது கிடைக்குமோ என்ற பயத்தில் நாளுக்கு ஒன்று, பிறகு பாதி, பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று நீட்டினார். கடைசியில் அதுவும் முடிந்துவிட்டது.

கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருந்தபோது நெஞ்சு நோ கடுமையாயிற்று. வைத்தியர் ஒருவர் வந்து பார்த்தார். “இவ என்ன மருந்து எடுத்தவ?” என்று கேட்டார். நாங்கள் பத்துப் பேர் சுற்றி நின்றோம். ஒருவருக்கும் தெரியவில்லை. “ஒரு வெள்ளைக் குளிசை” என்றார் பெரியம்மா. அவ்வளவுதான் எங்களால் சொல்ல முடிந்தது. நான்காம் நாள் அப்பாச்சி இறந்துபோனார். 1996 இல் வீடு திரும்பியபோது திருக்குடும்பப் படத்துக்குப் பின்னால் அவருடைய கிளினிக் கொப்பி இருந்தது. புறொப்பிரனலோல் 40 மில்லிகிராம், நாளுக்கு மூன்று முறை என்று எழுதப்பட்டிருந்தது.

குளிசை நின்றதால்தான் அவர் இறந்தார் என்று நான் சொல்லவில்லை. வயது, மழை, பசி, ஏக்கம் எல்லாம் இருந்தன. பெயர் தெரிந்திருந்தாலும் அந்த மருந்து கிடைத்திருக்குமோ தெரியாது. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நின்ற அந்த நிமிடம் இன்றுவரை என் மனதை விட்டு அகலவில்லை. ஒருவர் மருந்து நின்று துன்பப்பட்டார். மற்றவர் மருந்து இரட்டித்துத் துன்பப்பட்டார். இரண்டுக்கும் வேர் ஒன்றே: இடம்பெயர்வு எமது மருந்தையும் அந்த மருந்தைப் பற்றிய அறிவையும் வெவ்வேறாகப் பிரித்துவிடுகிறது.

இந்தக் குளிசை என்ன செய்கிறது?

நாம் பயந்தால், கோபப்பட்டால், பாரம் தூக்கினால், உடம்பு அதிரினலின் என்னும் சுரப்பை இரத்தத்தில் விடுகிறது. இருதயம் அதைக் கேட்டு வேகமாகவும் பலமாகவும் அடிக்கிறது. அதைக் கேட்பதற்கென்று இருதயத்தில் உள்ள சிறு வாங்கிகளை இருதயத்தின் காதுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பீற்றா வாங்கிகள் என்பது அவற்றின் பெயர். இந்தக் குளிசைகள் அந்தக் காதுகளைப் பாதி அடைத்துவிடுகின்றன. அதனால் இருதயம் பதற்றமில்லாமல் ஆறுதலாக அடிக்கிறது. பீற்றா தடுப்பு மருந்துகள் என்ற பெயர் இதனால் வந்தது. அற்றெனலோல், பிசோபுறலோல், மெற்றோபுறலோல், காவெடிலோல், புறொப்பிரனலோல் என்பன இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. எல்லாப் பெயரும் ‘லோல்’ என்று முடிவதைக் கவனியுங்கள். உங்கள் உறையில் ‘லோல்’ என்று முடியும் பெயர்கள் இரண்டு இருந்தால், இரண்டையும் போடவேண்டுமா என்று வைத்தியரிடம் கட்டாயம் கேளுங்கள்.

இந்த மருந்தை 1960களில் உருவாக்கியவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளக். அதற்காகவும் வேறு மருந்துக் கண்டுபிடிப்புகளுக்காகவும் 1988 இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அவருடைய எண்ணம் தோட்டக்காரருக்கு நன்றாக விளங்கும். கிணற்றில் நீர் குறைந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? இல்லாத நீரைத் தேடிக்கொண்டிராமல் பயிரிடும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறோம். இருதயத்துக்கு இரத்தம் போகும் குழாய் ஒடுங்கியவருக்கு, இருதயத்தின் வேலையைக் குறைத்தால் இருக்கிற இரத்தம் போதும் என்று அவர் சிந்தித்தார்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்?

திருவள்ளுவர் மருந்துக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கற்றறிந்த வைத்தியர் கருதிப் பார்த்தே செய்யவேண்டும் என்பது அவர் சொன்ன கருத்து. பீற்றா தடுப்பு மருந்துக்கு அது அப்படியே பொருந்தும். ஆளுக்கு ஆள் அளவு வேறு. ஒருவருடைய குளிசை மற்றவருக்கு ஆகாது.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். வெவ்வேறு குளிசைகளின் மில்லிகிராமை ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடாது. அற்றெனலோல் சாதாரணமாக 25, 50, 100 மில்லிகிராம் அளவுகளில் வருகிறது. குருதி அமுக்கத்துக்கு நாளுக்கு ஒருமுறை 25 அல்லது 50 கொடுப்பதே வழக்கம். பிசோபுறலோல் நாளுக்கு ஒருமுறை 5 அல்லது 10 கொடுக்கப்படலாம். ‘முந்தி 50 போட்டனான், இப்ப வெறும் 5 தான் தருகினம், இது காணாது’ என்று நினைத்து இரண்டு மூன்றாகப் போடுவோர் இருக்கிறார்கள். இது பெரிய தவறு. பத்துக் கிலோ மாட்டெருவும் பத்துக் கிலோ யூறியாவும் ஒன்றல்ல என்பது உங்களுக்குத் தெரியும். மருந்தும் அப்படித்தான்.

இரண்டாவது, எத்தனை முறை என்பது. அற்றெனலோல், பிசோபுறலோல் ஆகியவை பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை. காவெடிலோல் நாளுக்கு இருமுறை, சாப்பாட்டோடு. சாதாரண புறொப்பிரனலோல் இரண்டு அல்லது மூன்று முறை. மெற்றோபுறலோலில் இரண்டு வகை உண்டு. ஒன்று சாதாரணமாக இருமுறை போடுவது. மற்றது மெதுவாகக் கரைவது, ஒருமுறை போதும். மெதுவாகக் கரையும் குளிசையைச் சப்பவோ இடித்துத் தூளாக்கவோ கூடாது. அப்படிச் செய்தால் நாள் முழுவதுக்கும் உரிய மருந்து ஒரே தரத்தில் இறங்கிவிடும்.

மூன்றாவது, சிறிய அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவது. இருதயம் பலவீனமாகி, கால் வீங்கி, மூச்சு வாங்குபவர்களுக்கு ஒரு காலத்தில் இந்த மருந்து கொடுக்கவே கூடாது என்று வைத்தியர்கள் எண்ணினார்கள். 1999 இல் வெளிவந்த பெரிய ஆய்வுகள் அந்த எண்ணத்தை மாற்றின. பிசோபுறலோல், மெற்றோபுறலோல் போன்றவை பலவீனமான இருதயமுள்ளோரின் ஆயுளை நீடிக்கின்றன என்று அவை காட்டின. ஆனால் தொடங்கும் அளவு மிகச் சிறியது. பிசோபுறலோலை 1.25 மில்லிகிராமில் தொடங்கி, குறைந்தது இரண்டு கிழமைக்கு ஒரு படியாக, தாங்குமானால் 10 வரை கூட்டுவார்கள். காவெடிலோலை 3.125 இல் தொடங்குவார்கள். முதல் கிழமைகளில் களைப்பும் சோர்வும் வரலாம். ‘இந்தக் குளிசை ஒத்துவரவில்லை’ என்று அப்போதே கைவிடுவோர் பலர். நாற்று நட்ட மூன்றாம் நாள் வாடியதைக் கண்டு பிடுங்கி எறிவீர்களா? மூச்சு வாங்குதலோ கால் வீக்கமோ கூடினால் உடனே வைத்தியரிடம் போங்கள். சோர்வு மட்டும் என்றால் அடுத்த கிளினிக்கில் சொல்லிக் கேளுங்கள்.

நான்காவதே மிக முக்கியமானது: திடீரென்று நிறுத்தக்கூடாது. காதுகளை அடைத்துவைத்தால், கேட்கவேண்டுமென்று உடம்பு மேலும் புதிய காதுகளை உண்டாக்குகிறது. அந்த நிலையில் மருந்தை ஒரே நாளில் நிறுத்தினால், கூடுதல் காதுகள் எல்லாம் ஒரே தரத்தில் திறந்துகொள்ளும். இருதயம் படபடக்கும், அமுக்கம் ஏறும், நெஞ்சு நோ உள்ளவருக்கு மாரடைப்பும் வரலாம். நிறுத்தத்தான் வேண்டுமென்றால் வைத்தியரே ஒன்று, இரண்டு கிழமைகளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். இடம்பெயரும் குடும்பம் அரிசியை எடுக்கிறது, உறுதியை எடுக்கிறது, நகையை எடுக்கிறது. இந்தக் குளிசையும் அவற்றோடு எடுக்கவேண்டிய பொருள்.

ஒருவேளை போட மறந்துவிட்டால்? நினைவு வந்தவுடன் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடவேண்டாம்.

யார் முன்கூட்டியே சொல்லவேண்டும்?

தொய்வு, முட்டு உள்ளவர்கள் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். சுவாசக் குழாயிலும் இதே மாதிரி வாங்கிகள் உண்டு. குறிப்பாகப் புறொப்பிரனலோல் அவற்றையும் அடைத்து முட்டைக் கூட்டும். சீனி வருத்தத்துக்கு மருந்தெடுப்போர் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். சீனி மிகக் குறையும்போது நெஞ்சு படபடப்பதும் கை நடுங்குவதும் வழக்கமான அடையாளங்கள். இந்த மருந்து அவற்றை மறைத்துவிடும். வியர்ப்பது மட்டும் பெரும்பாலும் மறையாது. காரணமின்றிக் குளிர வியர்த்தால் சீனியைச் சோதியுங்கள்.

சிறுநீரக நோய் உள்ளவர்களும் சொல்லவேண்டும். 1990களின் நடுப்பகுதியிலிருந்து வடமத்திய மாகாண விவசாயிகளிடையே காரணம் தெளிவாகத் தெரியாத சிறுநீரக நோயொன்று பரவலாகக் கண்டறியப்பட்டு வந்தது. வன்னியில் நீண்டகாலம் இருந்து திரும்பிய குடும்பங்கள் பலவும் இந்நோயைப் பற்றி அறிந்திருக்கும். அற்றெனலோல் சிறுநீரகத்தின் வழியாகவே உடம்பை விட்டு வெளியேறுகிறது. சிறுநீரகம் பழுதுபட்டால் மருந்து உள்ளே தேங்கும். அப்போது நேற்றுவரை சரியாக இருந்த அளவே இன்று கூடிய அளவாகிவிடும்.

உங்கள் நாடியை நீங்களே பார்க்கலாம். பெருவிரலின் அடிப்பக்கமாக மணிக்கட்டில் மூன்று விரல்களை மெல்ல வைத்து, மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். 50 க்குக் குறைந்தால், அல்லது தலை சுற்றினால், மயக்கம் வந்தால் வைத்தியரிடம் போங்கள். வெயிலில் கொத்தி, தண்ணீர் குடியாமல் நின்றுவிட்டுச் சடுதியாக நிமிரும்போது தலை சுற்றுவது இந்த மருந்து எடுப்போரில் கூடுதலாக நடக்கும். ஆறுதலாக எழும்புங்கள்.

மருத்துவமும் மாறிக்கொண்டு வருகிறது. வேறு இருதய நோய் இல்லாமல் பிறஷர் மட்டும் உள்ளவருக்கு இம்மருந்து இப்போது முதல் தெரிவல்ல. 2021 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டல் வேறு மூன்று வகை மருந்துகளையே முதலில் சொல்கிறது. பக்கவாதத்தைத் தடுப்பதில் அவற்றுட் சில மேலானவை என்று கண்டதும் ஒரு காரணம். ஆகவே பல ஆண்டுகளாக அற்றெனலோல் எடுப்பவர், ‘எனக்கு இது இன்னும் வேணுமோ டொக்டர்?’ என்று தாராளமாகக் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை. கேளாமல் நிறுத்துவது ஆபத்து.

விரதமும் குளிசையும்

ஒரு குருவானவனாக இதைச் சொல்லியாகவேண்டும். தபசுகாலத்தில் ஒருசந்தி இருக்கும் நாட்களில் குளிசையையும் விட்டுவிடும் தாய்மார் இருக்கிறார்கள். சைவ உறவுகளிடையே கந்தசஷ்டி காலத்திலும் இப்படி நடப்பதைக் கண்டிருக்கிறேன். எமது திருச்சபைச் சட்டம் நற்கருணை வாங்குவதற்கு முன் ஒரு மணிநேரம் உண்ணாமல் இருக்கச் சொல்கிறது. ஆனால் தண்ணீரையும் மருந்தையும் அதே சட்டம் விலக்களித்திருக்கிறது. நோயாளிகள் ஒருசந்தி இருக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர். குளிசையைத் தண்ணீரோடு விழுங்குவது எந்தத் தவத்தையும் முறிக்காது. புனித பவுல் தீமோத்தேயுவின் வயிற்று நோய்க்குச் சிறிது திராட்சை இரசம் எடுக்கும்படி எழுதியபோது அளவையும் சேர்த்தே எழுதினார். உபவாசம் இருந்தே தீருவேன் என்பவர்கள், 1990 இல் எம்மிடமிருந்து வெளியேற்றப்பட்டுத் திரும்பிவரும் இஸ்லாமிய சகோதரர்கள் உட்பட, நோன்பு தொடங்குமுன் வைத்தியரிடம் நேரத்தை மாற்றிக் கேட்கலாம்.

இரண்டு ஆட்சேபனைகள்

‘மருந்து டொக்டர்மாரின் அலுவல், சுவாமிக்கு இதில் என்ன?’ என்று சிலர் கேட்பார்கள். மருந்தைத் தெரிவதும் அளவைத் தீர்மானிப்பதும் வைத்தியரின் அலுவலே. அதில் நானோ நீங்களோ கைவைக்கக்கூடாது. ஆனால் தீர்மானித்த அளவை வீட்டில் முப்பது நாளும் நிறைவேற்றுவது நோயாளியும் அவர் குடும்பமும். வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு பேரைச் சொல்கிறார்: நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் நின்று கொடுப்பவர். நான்காமவருக்கு ஒன்றும் தெரியாவிட்டால் முதல் மூவராலும் பயனில்லை.

‘சனத்துக்குக் கூடத் தெரிந்தால் தாங்களே வைத்தியம் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்’ என்பது மற்ற ஆட்சேபனை. இதை மதிக்கிறேன். ஆனால் உண்மை நிலை என்ன? இப்போதும் பக்கத்து வீட்டாரின் குளிசையைக் கடன் வாங்குகிறார்கள். தலையிடி வந்தால் ஒன்று கூட, சுகமாக இருந்தால் ஒன்று குறைய. அறியாமையினால் ஏற்கனவே தாங்களே வைத்தியம் பார்க்கிறார்கள். பெயரையும் ஆபத்தையும் அறிந்தவரே கடன் வாங்கப் பயப்படுவார்.

இதை எமது மொழியில் சொல்வது முடியாத காரியமும் அல்ல. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, தமிழில் மருத்துவ நூல்களையும் ஆக்குவித்தார். அவர் எமது திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். ஆனால் நாம் நன்றியோடு நினைக்கவேண்டியவர். மனித உடலின் கூறுகளையெல்லாம் அந்தக் காலத்திலேயே தமிழில் சொல்ல முடிந்ததென்றால், ‘காலை ஒன்று, சாப்பாட்டின் பின், நிறுத்தவேண்டாம்’ என்று ஒரு கடதாசி உறையில் இன்று தமிழில் எழுத முடியாதா? 1987 இலிருந்து தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி.

மருந்தின் பெயர் பற்றியும் எமக்கு ஒரு முன்னோடி உண்டு. பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் தொடங்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். கொம்பனிகள் வைக்கும் விற்பனைப் பெயர்களை விட்டு, மருந்தின் உண்மைப் பெயராலேயே வாங்கவும் எழுதவும் வேண்டும் என்று நின்றவர். ஏழை நாடு குறைந்த விலைக்கு நல்ல மருந்து பெறுவதே அவர் நோக்கம். இடம்பெயர்ந்தவருக்கு அதில் இன்னொரு நன்மையும் உண்டு. விற்பனைப் பெயர் கடைக்குக் கடை மாறும். குளிசையின் நிறமும் வடிவும் மாறும். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் தட்டுப்பட்டபோது, கிடைத்ததை வாங்கிப் போட்டவர்கள் இந்த மாற்றத்தில் எவ்வளவு குழம்பினார்கள் என்பதை நாம் கண்டோம். உண்மைப் பெயர் மட்டும் எங்கு போனாலும் மாறாது.

நாம் செய்யக்கூடியவை

வைத்தியர்களிடமும் மருந்து கொடுப்போரிடமும் பணிவாக ஒரு வேண்டுகோள். சனம் நிறையும் கிளினிக்கில் உங்கள் பாரம் எமக்குத் தெரியும். ஆயினும் பெயர், அளவு, நேரம் ஆகிய மூன்றையும் தெளிவான தமிழில் எழுதிக் கொடுங்கள். மருந்தை மாற்றும்போது, ‘பழையதை நிறுத்துங்கள்’ என்று வாயாலும் சொல்லுங்கள். நாட்கள் தவறி வருபவரை ஏசவேண்டாம். ஏச்சுக்குப் பயந்தே கிளினிக்கை விட்டவர்கள் பலர். தோட்டத்துக்கு நீர் கட்டும் முறை வந்த நாளில் கூலியை விட்டுவிட்டு வரமுடியாதவர்கள் அவர்கள்.

கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் பங்கு மன்றங்களும் இதைத் தங்கள் வேலையாக எடுக்கலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிறு அட்டை போதும். மருந்தின் உண்மைப் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு, எந்த நோய்க்கு, எந்தக் கிளினிக், எந்த மருந்து ஒவ்வாது என்பவற்றை அதில் எழுதுங்கள். பிள்ளைகள் எழுதட்டும், பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும். மழையில் நனையாதபடி பொலித்தீன் உறையில் இட்டு, அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். குளிசைகளைச் சிறுவர் கைக்கு எட்டாத, பூட்டக்கூடிய இடத்தில் வையுங்கள். வீடு மாறும்போது கிளினிக் கொப்பியோடு போய் புதிய இடத்தில் பதியுங்கள். பழைய உறைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். கையிருப்பு இரண்டு கிழமைக்குக் குறையுமுன் அடுத்த மருந்தை எடுக்கப் பாருங்கள்.

நல்ல சமாரியன் கதையில் நாம் காயத்துக்கு எண்ணெய் வார்த்ததை மட்டும் நினைக்கிறோம். அவர் அடுத்த நாள் சத்திரக்காரரிடம் காசு கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். முதல் நாள் இரக்கம் பலரிடம் உண்டு. நிவாரண லொறிகள் முதல் நாள் வரும். தொடர்ந்து கவனிக்கும் இரக்கம்தான் அரிது. நீண்டகால நோய்க்கு மருந்தெடுப்பவருக்கு வேண்டியது இரண்டாம் நாள் இரக்கம், முப்பதாம் நாள் இரக்கம்.

கூட்டத்தில் சரிந்த அந்த ஐயாவை மீண்டும் சந்தித்தேன். இப்போது ஒரே ஒரு உறைதான். சேட்டுப் பைக்குள் பேத்தி எழுதிக் கொடுத்த அட்டையும் இருந்தது. “பிசோபுறலோல், அஞ்சு மில்லிகிராம், காலமை ஒண்டு சுவாமி” என்று பள்ளிப் பிள்ளை போல ஒப்புவித்தார். பிறகு வெங்காயத்துக்கு என்ன விலை போகிறது என்று கேட்டார்.

அன்புக்குரியவர்களே, எமது காணிகள் எப்போது முழுமையாகத் திரும்பக் கிடைக்கும் என்பது எம் கையில் மட்டும் இல்லை. எமது குளிசையின் பெயரை அறிவது எம் கையில் இருக்கிறது. இன்றிரவு விளக்கடியில் அந்த உறையை எடுத்து, வீட்டிலுள்ள பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்து விளங்காவிட்டால் அடுத்த கிளினிக் நாளில் மிஸ்ஸிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்.